நிலக்காட்சியை இரண்டாம் ஆண்டோடு முடித்துவிடாதீர்கள்

ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், இளம் ஓவியர் கண்காட்சிகளுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஏரிக்கரையை வரைந்து கொண்டுவந்து வைக்கிறாள். கரையும் கருவேலமும் வற்றிய மண்ணும் இருக்கின்றன. பார்ப்பவர் முதலில் கேட்கும் கேள்வி: "இன்னுமா லேண்ட்ஸ்கேப்?" நான் படித்த காலத்தில் என்னிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இன்று என்னிடம் வரைய வரும் பிள்ளைகளும் இதையே வந்து சொல்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் அருமையான ஓவியர்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பானையும் துணியும், அப்புறம் மரமும் தெருவும், அப்புறம் மனித உருவம், கடைசியில் அரூபம், அதாவது இன்ன பொருள் என்று அடையாளம் சொல்ல முடியாத ஓவியம். எந்தப் பாடத்திட்டத்திலும் அப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணிலும் கண்காட்சித் தேர்விலும் அது தானாகத் தெரிந்துவிடுகிறது. நேரில் பார்த்து வரைவது பயிற்சி, அரூபம் படைப்பு என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அந்த வரிசை சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

இந்த எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. சென்னை ஓவிய வரலாறே அந்தத் திசையில்தான் நடந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளம் வயதில் அவர் நீர்வண்ணத்தில் வரைந்த நிலக்காட்சிகள் பெயர்பெற்றவை. அங்கிருந்து மனித உருவங்களுக்குப் போனார். 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். 1966இல் அவர் முன்னின்று சென்னை அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் அமைந்தது. அவருக்குப் பின் வந்தவர்களில் கே.எம். ஆதிமூலமும் கோட்டோவிய உருவங்களில் பெயர் எடுத்துவிட்டு, பிறகு நிலத்தின் நினைவு மட்டும் எஞ்சிய பெரிய வண்ணப் பரப்புகளுக்குப் போனார். இந்தப் பயணங்கள் உண்மையானவை, நான் மதிப்பவை. இந்தியத் தன்மையுள்ள நவீனம் ஒன்றைத் தேடிப் புறப்பட்ட தலைமுறைக்கு அந்தத் திசை தேவையாக இருந்தது. அவர்கள் நடந்த வழி பின்னால் வந்த எல்லோருக்கும் ஒரே வழியாகிவிட்டதுதான் பிரச்சினை.

பணிக்கர் பிறந்த அதே 1911இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் பார்க் பிறந்தார். இவர் நடந்தது நேர் எதிர்த்திசையில். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த கலிஃபோர்னியா நுண்கலைப் பள்ளியில் இவர் ஆசிரியர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தப் பள்ளி அரூப ஓவியத்தின் கோட்டையாக மாறியது. பெயர்பெற்ற அரூப ஓவியர்களில் கிளிஃபர்ட் ஸ்டில் அங்கே கற்பித்தார். மார்க் ராத்கோ கோடை வகுப்புகளுக்கு வந்து போனார். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அரசு உதவித்தொகையில் படிக்க வந்து குவிந்தார்கள். பார்க்கும் சில ஆண்டுகள் அரூபமாக வரைந்தார். 1949 வாக்கில் அந்தக் கேன்வாஸ்களில் தன்னிடம் இருந்தவற்றைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வண்டியில் ஏற்றி, ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அடுத்து சைக்கிள் ஓட்டும் சிறுவர்களை வரைந்தார். உடன் இருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். அங்கே அரூபத்தை விடுவது பின்வாங்குவதாகப் பார்க்கப்பட்டது, நாம் இன்று பார்ப்பது போலவே. பார்க் பொருட்படுத்தவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சக ஓவியர் எல்மர் பிஷாஃப் அவரோடு சேர்ந்தார்.

மூன்றாவதாக வந்தவரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்: ரிச்சர்ட் டீபன்கார்ன். 1922இல் பிறந்து, இரண்டு வயது முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். பார்க்கிடம் படித்து, வெகு சீக்கிரமே அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனவர். 1950இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்கிக்குப் போனார், பிறகு இலினாயின் அர்பானாவில் ஓர் ஆண்டு கற்பித்தார், 1953இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள பெர்க்லியில் குடியேறினார். போன இடமெல்லாம் அரூப ஓவியங்கள்தான். அவற்றுக்கு அந்தந்த ஊர்ப் பெயரையே வைத்து எண் போட்டார்: ஆல்புகர்கி, அர்பானா, பெர்க்லி. ஆல்புகர்கிப் படங்களில் பாலைவனத்தின் காவியும் வெளுப்பும் இருக்கின்றன. பெர்க்லிப் படங்களில் பச்சையும் கடல்நீலமும் நிரம்பி வழிகின்றன. பெயரளவில் அரூபம் என்றாலும் நிலம் உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. 1951இல் ஆல்புகர்கியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் போனபோது, கீழே தெரிந்த நிலத்தின் கட்டங்களும் வளைவுகளும் அவரை ஆட்கொண்டன.

1955இன் இறுதியில் அவர் அரூபத்தை விட்டுத் திரும்பினார். மேசையில் இருந்த பொருட்கள், ஜன்னல், அறையில் உட்கார்ந்திருக்கும் பெண், மலைச்சரிவு என்று கண்முன் இருப்பவற்றை வரையத் தொடங்கினார். அந்த ஆண்டில் வரைந்த 'சபோ பள்ளத்தாக்கு' என்ற சிறிய நிலக்காட்சி இந்தத் திருப்பத்தின் முதல் படங்களில் ஒன்று. பக்கத்துக்கு ஒன்றரை அடி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். நேரத்தைக் கவனியுங்கள். அரூபத்தில் அவர் தோற்றுப்போய்த் திரும்பவில்லை. 1956இல் நியூயார்க்கில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி பாயிண்டெக்ஸ்டர் கேலரியில் நடந்தபோது சுவரில் இருந்தவை அரூப ஓவியங்கள். நாடு முழுவதும் பெயர் பரவ ஆரம்பித்த அந்த வேளையில் பெர்க்லி ஸ்டூடியோவில் அவர் நாற்காலியையும் கத்தியையும் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். ஒரு வழி கைக்குப் பழகிப்போய் எளிதாக வந்துவிட்டால் அதில் அவருக்கு நம்பிக்கை போய்விடும். கண்முன் இருக்கும் பொருள் எதிர்த்து நிற்கும். நாம் நினைத்த இடத்தில் அதன் விளிம்பு இருக்காது, நாம் விரும்பிய நிறத்தில் அதன் நிழல் விழாது. அந்த எதிர்ப்பைத் தேடித்தான் அவர் போனார் என்று அந்தப் பத்தாண்டுப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து நான் நம்புகிறேன்.

பார்க், பிஷாஃப், டீபன்கார்ன் மூவரும் கூடி உட்கார்ந்து மாடலைப் பார்த்துக் கோட்டோவியம் வரைவதை வழக்கமாக வைத்திருந்தார்கள். மூவரும் கல்லூரி ஆசிரியர்கள், முப்பது நாற்பது வயதைத் தாண்டியவர்கள். முதலாண்டு மாணவர் செய்யும் வேலையை வெட்கமில்லாமல் செய்தார்கள். 1957இல் ஓக்லண்ட் கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் பால் மில்ஸ் அங்கே இவர்களையும் இன்னும் சிலரையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தினார். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் உருவ ஓவியம் என்று இன்று உலகம் பேசும் இயக்கத்துக்கு அங்கேதான் பெயர் கிடைத்தது. நியூயார்க்கைப் பார்த்து நடக்காமல் தங்கள் ஊரின் வெளிச்சத்தை வரைந்த சிலரால் அது நடந்தது.

இப்போது ஒரு படத்தை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். 1963இல் டீபன்கார்ன் வரைந்த 'நகரக்காட்சி 1'. சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்தடி உயரம் இருக்கும். நடுவில் ஒரு சாலை கீழிருந்து மேலே ஏறுகிறது. இடப்பக்கம் வெளுத்த கட்டிடங்கள், அவற்றின் நிழல்கள் சாலைக்குக் குறுக்கே பட்டையாக விழுகின்றன. வலப்பக்கம் வீடுகளே இல்லை. பச்சையும் மண்நிறமுமாகத் துண்டு துண்டாக வெறும் நிலம். மேலே ஒரு கீற்று வானம்.

சான் ஃபிரான்சிஸ்கோ குன்றுகளின் மேல் கட்டிய ஊர். செங்குத்தான தெரு ஒன்றின் எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் சாலை தூரத்தில் போய் மறையாது, கண்முன் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அடிவானம் படத்தின் உச்சிக்குத் தள்ளப்பட்டுவிடும். வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் பெர்ஸ்பெக்டிவ், ஒரு புள்ளியில் போய்ச் சேரும் தண்டவாளம், அங்கே வேலை செய்யாது. ஆக, கேன்வாஸின் தட்டைத்தன்மையைக் காப்பாற்ற வேண்டும் என்று அரூப ஓவியர்கள் கொள்கையாகப் பேசியதை அந்த ஊரின் சரிவு அவருக்குக் காட்சியாகவே கொடுத்துவிட்டது. மதியம் கடந்த கடலோர வெயிலில் நிழலுக்குத் தெளிவான விளிம்பு உண்டு. அந்த நிழல் ஒரு நிறப்பட்டையாகவும் இருக்கிறது, இந்த இடத்தில் இந்த நேரத்தில் விழுந்த நிழலாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறார். பத்தாண்டுகள் அரூபமாக வரைந்த கைக்குத்தான் இது வரும். ஆனால் நேரில் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கைக்கும் வந்திருக்காது.

வலப்பக்கத்தில் வீடுகளை விட்டுவிட்டாரே, அது பார்த்து வரைந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. டீபன்கார்ன் பெரிய படங்களைப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் வைத்துத்தான் முடித்தார். பார்த்ததை மாற்றினார், நகர்த்தினார், அழித்தார். முதலில் போட்ட கோடு மேல்வண்ணத்துக்கு அடியில் தெரிய, அதை அப்படியே விட்டுவைப்பார். நேரில் பார்த்து வரைவது என்றால் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைவது என்று ஒரு தவறான எண்ணம் நம்மிடம் இருக்கிறது. எதை விடுவது என்று முடிவெடுக்க முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வலப்பக்க வெறுமை அழுத்தமாக இருப்பதற்கு, இடப்பக்கத்துக் கட்டிடங்களை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பதுதான் காரணம்.

1963 என்ற ஆண்டைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். சென்னையில் பணிக்கர் எழுத்துகளையும் குறியீடுகளையும் கேன்வாஸில் நிரப்பத் தொடங்குகிறார். அதே காலத்தில் பெர்க்லியில் டீபன்கார்ன் ஒரு தெருவையும் அதன் நிழலையும் வரைகிறார். ஒருவர் முன்னேறினார், மற்றவர் பின்தங்கினார் என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? இருவரும் தங்களுக்கு அப்போது தேவைப்பட்ட இடத்துக்குப் போனார்கள். பணிக்கரின் பயணத்தை நாம் வகுப்பில் சொல்கிறோம். இன்னொரு பயணத்தையும் அதன் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

டீபன்கார்ன் கடைசியில் அரூபத்துக்குத்தானே திரும்பினார் என்று இந்தக் கதை தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆமாம். 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிபோனார். அடுத்த ஆண்டு சாண்டா மோனிகாவின் ஓஷன் பார்க் பகுதியில் இருந்த ஸ்டூடியோவில் அந்தப் பெயரிலேயே ஒரு வரிசையைத் தொடங்கி, 1988 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய அரூப ஓவியங்களை வரைந்தார். இன்று அவருடைய புகழ் பெரும்பாலும் அவற்றால்தான். ஆனால் 'ஓஷன் பார்க்' படங்களை 1950களின் தொடக்கத்துப் பெர்க்லிப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தையவற்றில் வேகமும் தடித்த வண்ணமும் இருக்கின்றன. பிந்தையவற்றில் காற்று இருக்கிறது, கடலோரக் காலையின் வெளுத்த நீலம் இருக்கிறது, ஜன்னல் சட்டத்தின் நேர்கோடும் சாய்கோடும் இருக்கின்றன. அந்தக் கோடுகளில் பிரெஞ்சு ஓவியர் மத்தீசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1964இல் சோவியத் யூனியனுக்குப் போய் அங்கிருந்த மத்தீஸ் ஓவியங்களைப் பார்த்தது அவரை ஆழமாகப் பாதித்தது. அந்த வெளிச்சம் மட்டும், பத்தாண்டுகளுக்கு மேல் ஜன்னலையும் தெருவையும் பார்த்ததால் வந்தது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். நடுவில் அந்தப் பத்தாண்டு இல்லையென்றால் 'ஓஷன் பார்க்' இல்லை.

அரூபத்துக்குத் திரும்பிய பிறகும் அவர் நிலத்தைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1970 வாக்கில் அமெரிக்க அரசின் பாசன, அணைத் திட்டங்களைக் கவனிக்கும் துறை, அந்தத் திட்டங்கள் இருக்கும் இடங்களை வரைய ஓவியர்களை அழைத்தது. டீபன்கார்ன் அரிசோனாவின் சால்ட் ஆற்றுப் பகுதிக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து, உழுத நிலமும் வாய்க்காலும் சேர்ந்து போடும் கோலத்தைப் பார்த்து வரைந்தார். ஓர் அரசுத் துறை தன் அணைகளையும் வாய்க்கால்களையும் பார்த்து வரைய ஓவியரை அழைத்தது என்பதை நான் பொறாமையோடுதான் படித்தேன். மேட்டூர் முதல் கல்லணை வரை, வைகையின் கண்மாய்கள் வரை வரையப்படக் காத்திருக்கும் நிலம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது!

உங்கள் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நியாயமானதுதான். நிலக்காட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓட்டல் வரவேற்பறையில் தொங்கும் தென்னைமரமும் படகும் சூரிய அஸ்தமனமும். விற்பனைக்கென்றே வரையப்படும் அந்தப் படங்களிலிருந்து மாணவர்களைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள். சரி. ஆனால் அந்தப் படங்கள் மோசமாக இருப்பது நிலக்காட்சி என்பதால் இல்லை. அவற்றை வரைந்தவர் எந்தத் தென்னையையும் பார்க்கவில்லை, இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்தார். இப்போது அந்த இடத்தில் செல்போன் வந்துவிட்டது. மாணவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து அதைப் பார்த்து வரைகிறார்கள். எதைச் சட்டத்துக்குள் வைப்பது, வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்ற முடிவுகளையெல்லாம் கேமரா அவர்களுக்கு முன்பே எடுத்துவிடுகிறது. நம் உச்சிவெயிலில் செல்போன் கேமரா வானத்தை வெளுக்க விடும், இல்லையென்றால் நிழலைக் கறுப்பாக்கிவிடும். ஆனால் மரத்தடி நிழலுக்குள் நின்று பாருங்கள், அங்கே மண்ணின் செம்மையும் இலையின் பச்சையும் கலந்து எத்தனை நிறம். அது கண்ணுக்கு மட்டும் தெரியும். அரை மணி நேரம் நின்றால்தான் அதுவும் தெரியும்.

அப்படி நிற்பதற்கு நாம் நேரம் ஒதுக்குகிறோமா? அவுட்டோர் வகுப்பு என்பது தொடக்க ஆண்டுகளில் வாரத்துக்கு ஒருநாள் கோயில் வாசலிலோ ரயில் நிலையத்திலோ உட்கார்ந்து வருவதோடு முடிந்துவிடுகிறது. அந்த வயதில் கை ஓடாது, கண்ணும் முழுதாகத் திறந்திருக்காது. கைக்கு வலு வரும் மூன்றாம் நான்காம் ஆண்டில், கம்போசிஷன் என்றால் என்ன, நிறம் நிறத்தோடு என்ன செய்யும் என்று புரியும் நேரத்தில், பிள்ளைகளை அறைக்குள் அடைத்துவிடுகிறோம். டீபன்கார்னின் கதை எதையாவது சொல்கிறது என்றால் இதைத்தான் சொல்கிறது: அரூபம் தெரிந்தபின் நிலத்தைப் பார்ப்பது வேறு பார்வை. அதற்கு வாய்ப்பே இல்லாமல் நம் மாணவர்களை வெளியே அனுப்புகிறோம்.

எனவே ஆசிரியர்களிடம் நான் கேட்பது: இறுதியாண்டில் ஒரு பருவத்தையாவது ஒரே இடத்துக்குக் கொடுங்கள். ஒரு மாணவர் ஒரு குளத்தையோ, ஒரு தெருமுனையையோ, உப்பளத்தையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு அந்தப் பருவம் முழுவதும் அங்கேயே போய் வரட்டும். வெயிலிலும் மழைமூட்டத்திலும் பார்க்கட்டும். முடிவில் அவர் கொண்டுவருவது தத்ரூபமாக இருந்தாலும் சரி, கிட்டத்தட்ட அரூபமாகப் போயிருந்தாலும் சரி, அதை அவருடைய முதன்மைப் படைப்பாக ஏற்று மதிப்பெண் போடுங்கள். அரூபத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் திரும்பி வந்து பார்த்து வரைய விரும்பினால், "ஏன் பின்னால் போகிறாய்?" என்று கேட்காதீர்கள். அந்த வயதில் அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நடுவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. நிலக்காட்சியை மரபு ஓவியம் என்று தனியாக ஒதுக்கிவிட்டு, நவீன ஓவியத்துக்கான பரிசை வேறு பக்கம் வைக்காதீர்கள். ஒரு படத்தின் முன் நிற்கும்போது, இதை வரைந்தவர் உண்மையிலேயே பார்த்தாரா, பார்த்தபின் முடிவெடுத்தாரா என்று கேளுங்கள். அரூப ஓவியத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். நூறு படங்களை ஒரே நாளில் பார்க்கும் களைப்பில், சத்தமாக இருக்கும் படம் முதலில் கண்ணில் படும். ஏரிக்கரை படம் மெதுவாகத்தான் பேசும். அதற்கு இன்னொரு நிமிடம் கொடுங்கள்.

வகுப்பில் காட்டுவதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கேன்டர் கலை மையத்தில் டீபன்கார்னின் 29 ஸ்கெட்ச் புத்தகங்கள் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். அவருடைய குடும்பத்தார் கொடுத்தவை. அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அரூபக் காலம், உருவக் காலம், 'ஓஷன் பார்க்' காலம் என்று அந்தப் புத்தகங்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் பெண்ணும், சரிவான தெருவும், எதையும் குறிக்காத கட்டங்களும் ஒரே புத்தகத்துக்குள் வருகின்றன. ஒரு மதியம் புரொஜெக்டர் வைத்து இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு அவற்றைப் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். மறுநாள் அவர்களை வெளியே அழைத்துப்போங்கள். நீங்களும் ஒரு போர்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள்.

அன்புடன்,
நிலக்காட்சி வரையும் ஓர் ஓவியர்